அப்பாவோட தொடைக் கம்பி

எனக்கு வாய் ஜாஸ்தி. எங்கம்மா ஏஞ்சலம்மாகிட்ட கேட்டா, கோவமும் ஜாஸ்திம்பா. ரெண்டும் உண்மைதான். அந்த வாயை வச்சுக்கிட்டுத்தான் அன்னைக்கு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும், பம்பாய் தாராவியில எங்க மாதா கோயில் ஹால்ல இருநூறு பேருக்கு முன்னால மைக்கைப் பிடிச்சு, "சூரியன் செத்துப்போகும்"னு சொன்னேன்.

ஹாலே கப்சிப்புன்னு ஆயிருச்சு. முன்வரிசையில எங்கம்மா சேலை முந்தியால வாயைப் பொத்திக்கிட்டா. "ஏட்டி, கோயில்ல வச்சு என்ன பேச்சுட்டி பேசுத?"ன்னு அவ முணுமுணுத்தது எனக்கு மைக் வழியாவே கேட்டுச்சு.

என் பேரு சுஜா. பிறந்தது வளர்ந்தது தாராவி. இப்போ புனேயில ஒரு ஆராய்ச்சி நிலையத்துல வேலை. சாகப்போற நட்சத்திரங்களைப் பாத்துக்கிட்டே இருக்கணும், அதுதான் வேலை. பங்குச்சாமியார் ரொம்ப நாளா பிள்ளைங்களுக்கு அதைப் பத்தி பேசும்மான்னு கேட்டுக்கிட்டிருந்தாரு. பிள்ளைங்க வந்தது முப்பது பேரு, மிச்சம் எல்லாம் பெருசுங்க.

"பயப்படாதீங்க, இன்னும் ஐந்நூறு கோடி வருஷம் இருக்கு. அதுக்குள்ள நம்ம தாராவியை இடிச்சுக் கட்டுற ரீடெவலப்மென்ட் முடிஞ்சிரும்"னேன். அப்பத்தான் எல்லாருக்கும் மூச்சே வந்துச்சு, ஒரே சிரிப்பு. சிரிப்பு வந்துட்டா எனக்குக் கொண்டாட்டம். விட்டு விளாசினேன்.

"சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரத்துக்கு வயசாகி உள்ள எரிபொருள் தீர்ந்துபோற நேரத்துல, அது உப்பும். இப்போ இருக்கிறதை மாதிரி நூறு மடங்கு, இருநூறு மடங்கு. செக்கச்செவேல்னு ஆகும். அப்புறம் அதோட மேல்தோல் கொஞ்சங்கொஞ்சமா காத்தாக் கழண்டு போகும். அந்தக் காத்தோட வேகம் செகண்டுக்குப் பத்து கிலோமீட்டர். தாராவியில கிளம்பினா அடுத்த செகண்டு காட்கோபர். எங்க கணக்குல அது ஆமை வேகம். உள்ள வெந்து உண்டான கரியில, அதான் கார்பன்ல, கொஞ்சம் மேல கிளம்பி வந்து, அந்தக் காத்தோட வெளிய போகும். வெளிய போன வாயு குளிர்ந்து தூசியாகும். சில நட்சத்திரத்துல அடுப்புக்கரி மாதிரி தூசி, சிலதுல பொடி மணல் மாதிரி தூசி. கிட்டத்தட்ட பாதி உடம்பு இப்படியே போயிரும். கடைசியில மிஞ்சுறது நம்ம பூமி அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டி."

"போன தூசி எங்க போகும்?"னு ஒரு பொண்ணு கேட்டா.

"எங்கயும் வீணாப் போகாது. விண்மீன் மண்டலத்துல மிதந்துக்கிட்டே இருக்கும், இருக்கிற மேகங்களோட கலக்கும். அந்த மேகத்துல இருந்துதான் புது நட்சத்திரம், புது பூமி எல்லாம் பிறக்குது. நம்ம உடம்புல இருக்கிற கரியில பாதிக்குப் பக்கம் இப்படிச் செத்துப்போன சாதாரண நட்சத்திரங்க விட்டுட்டுப் போனதுதான். நைட்ரஜனும் அப்படித்தான். யார்கிட்டயும் புது மால் கிடையாது, எல்லாமே செகண்ட் ஹேண்ட். இந்த அண்டமே ஒரு பதிமூணாம் காம்பவுண்டு!"

கைதட்டல்னா கைதட்டல், அப்படி ஒரு கைதட்டல். பதிமூணாம் காம்பவுண்டுங்கிறது தாராவியில பழைய பிளாஸ்டிக், தகரம், இரும்பு எல்லாம் உருக்கித் திரும்ப மாலாக்குற இடம். அங்க இரும்புக் கடை வச்சிருக்கிற சுடலைக்கண்ணன் மாமா எழுந்து நின்னாரு. அவரு கோயில்காரரு இல்ல. எங்கப்பா லாசரோட உயிர் சிநேகிதரு. நான் பேசுறேன்னு வெள்ளைச் சட்டை போட்டுட்டு வந்திருந்தாரு.

"எனக்கு ஒரு சந்தேகம் சுஜா. எங்கடைக்கு வார மாலுக்கு, எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டுத்தான் எடுப்பேன். இல்லேன்னா போலீஸு வந்துருவான்லா. அத மாதிரி, எங்கிட்ட இருக்கிற கரி எந்த நட்சத்திரத்தோடதுன்னு சொல்ல முடியுமா? அதுக்கும் ஒரு பேரு இருந்திருக்கும்லா?"

"பேரெல்லாம் கிடையாது மாமா. எல்லாம் கலந்துபோச்சு. கலந்ததுக்கு அப்புறம் இது யாருது, அது யாருதுன்னு கேக்குறதுல அர்த்தமே இல்ல"ன்னேன்.

அதுக்கும் கைதட்டினாங்க. சாமியார் மைக்கை வாங்கி, "வர்ற புதன்கிழமை நெத்தியில சாம்பல் பூசி, மண்ணுல இருந்து வந்தே மண்ணுக்கே திரும்புவேன்னு நான் ஒரே வரியில சொல்றதை இந்தப் பொண்ணு முக்கா மணி நேரம் சொல்லியிருக்கு"ன்னாரு. எனக்குத் தலைகால் புரியல. அந்தத் திமிரோடதான் வெளிய வந்தேன். அங்க கோயில் ஆபீஸ்காரர் நின்னு, "செவ்வாய்க்கிழமை உங்க அப்பா குழியைத் திறக்கணும்மா, ரெண்டு வருஷம் முடிஞ்சிருச்சு"ன்னாரு. "திறங்க சார், வந்துர்றோம்"னு சாதாரணமா சொன்னேன்.

பம்பாய்ல செத்தாலும் இடம் நமக்குச் சொந்தமில்ல. ரெண்டு வருஷந்தான். அதுக்குள்ள மண்ணு தன் வேலையை முடிச்சிரும். அப்புறம் எலும்பை எடுத்துச் சுவத்துல இருக்கிற மாடத்துல வச்சு, மேல பேரு வெட்டின கல்லை வச்சுப் பூசிருவாங்க. மாடம் இல்லாதவங்க எலும்பு கல்லறைத் தோட்டத்து மூலையில இருக்கிற எலும்புக் கிணத்துக்குப் போகும். தண்ணிக் கிணறு இல்ல, ஆழமாக் கட்டின சிமென்ட் குழி, மேல இரும்பு மூடி. காலியான குழிக்கு மறுநாளே வேற ஆள் வந்துருவாங்க. ஊர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க கேட்டா அலறுவாங்க. எங்களுக்குப் பழகின விஷயம்.

எங்கப்பா லெதர் பை தைக்கிற கார்கானாவுல கட்டிங் மாஸ்டரு. நான் ஒன்பதாவது படிக்கையில, சயான் ஸ்டேஷன்ல ஓடுற ட்ரெயின்ல இருந்து விழுந்து அவருக்கு இடது தொடை எலும்பு ரெண்டாப் போச்சு. எலும்புக்குள்ள ஒரு முழ நீளத்துக்குக் கம்பி வச்சாங்க, ரெண்டு முனையிலயும் திருகாணிக்கு ஓட்டை. அந்த எக்ஸ்ரேயை ட்யூப்லைட்டுக்கு நேரா பிடிச்சு வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டுவாரு. "நான் செத்தா எலும்பை ஏஞ்சலு வச்சுக்கிடட்டும், கம்பியை சுடலைக்கண்ணன் கடையில எடைக்குப் போட்டிருங்க"ம்பாரு. அம்மா கரண்டியோட அடிக்க வருவா.

செவ்வாய்க்கிழமை காலையில நாங்க மூணு பேரு போனோம். நான், அம்மா, சுடலைக்கண்ணன் மாமா. அம்மா அப்பாவோட கல்யாண வேட்டியைத் துவைச்சு மடிச்சு எடுத்துட்டு வந்திருந்தா, எலும்பைச் சுத்தி வைக்க. மாடத்துக் கல்லுல 'லாசர்'னு பேரு வெட்டித் தயாரா இருந்துச்சு. பதினோரு மணிக்கு சாமியார் வந்து செபம் சொல்லி மந்திரிக்கணும், கொத்தனார் பூசணும். அப்பா அந்த மாடத்துக்கு நல்லபடியாப் போய்ச் சேரணும், அம்மாவுக்கு வேற எந்த ஆசையும் கிடையாது. ரெண்டு வருஷமா அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தா.

குழி வெட்டுற பாவ்லு முப்பது வருஷமா அங்கதான் இருக்காரு. எங்காளுங்களோட பழகிப் பழகி அரைகுறைத் தமிழ் பேசுவாரு. இடுப்பளவு இறங்கி நின்னு, கையாலயே மண்ணைத் தள்ளி, ஒவ்வொண்ணா எடுத்துச் சாக்கு மேல வச்சாரு. நான் அழல. மனசுக்குள்ள கால்சியம், பாஸ்பரஸ், கரின்னு எண்ணிக்கிட்டு நின்னேன். இப்போ நினைச்சா எனக்கே என்னை அறையணும் போல இருக்கு.

ரெண்டு தொடை எலும்பும் வந்துச்சு. ரெண்டும் முழுசு. ஒடைஞ்ச தடமே இல்ல, ரெண்டும் சின்னதா வேற இருந்துச்சு.

"கம்பி எங்க?"ன்னேன்.

"கௌன்சா கம்பி? எந்தக் கம்பி?"ன்னாரு பாவ்லு.

"எங்கப்பா தொடையில இருந்த கம்பி! எங்க அது?"

அம்மா குனிஞ்சு சாக்குல இருந்து எதையோ எடுத்தா. மண்ணு ஒட்டின ஒரு செபமாலை. முந்தியால துடைச்சா. நீல மணி.

"ஏட்டி, உங்க அப்பா கையில நான் கட்டிவிட்டது கருப்பு மணில்லா"ன்னா. அப்புறம் என் கையைப் பிடிச்சா. "ஏட்டி சுஜா, இது யாருட்டி?"

வாய்தான் முதல்ல வேலை செஞ்சுச்சு. "சோர்! கம்பியை வித்துத் தின்னுட்டியா? எலும்பை மாத்தி வச்சிருக்கியா?"ன்னு பாவ்லுவை அந்தத் தோட்டமே திரும்பிப் பார்க்குற மாதிரி கத்தினேன். முப்பது வருஷத்துல தன்னை யாரும் திருடன்னு சொன்னதில்லைன்னு அந்த ஆளு குழிக்குள்ள நின்னுக்கிட்டே மாதா மேல சத்தியம் பண்ணினாரு. சுடலைக்கண்ணன் மாமா என் தோளைப் பிடிச்சுப் பின்னால இழுத்தாரு. நான் அவர் கையைத் தட்டிவிட்டுத் திரும்பினேன்.

திரும்பினவ அப்படியே நின்னுட்டேன்.

ரெண்டு வரிசை தள்ளி, சாயங்கால அடக்கத்துக்குப் புதுக் குழிக்கு அளவு எடுத்துக் கயிறு கட்டியிருந்துச்சு. நாலு மூலையிலயும் நாலு முளை. மூணு மரம். நாலாவது பளபளன்னு ஒரு கம்பி. மண்ணுக்கு மேல தெரிஞ்ச முனையில ரெண்டு ஓட்டை. ஒரு ஓட்டைக்குள்ளதான் கயித்தைக் கோர்த்து முடிச்சுப் போட்டிருந்துச்சு.

ஐயோ, அந்த எக்ஸ்ரேயை நான் எத்தனை தடவை பாத்திருப்பேன். ஓடிப்போய் ரெண்டு கையாலயும் பிடிச்சுப் பிடுங்கினேன். நீட்டிப் பிடிச்சு, "மாமா, இது அப்பாவோடதுதானே? நீங்க சொல்லுங்க"ன்னேன். கையில வாங்கின உடனே எதோட எடையையும் கிராம் பிசகாம சொல்ற மனுஷன் அவரு. உள்ளங்கையில வச்சுக்கிட்டு நின்னாரு. "எடைக்குப் போடச் சொன்னாம்லா..."ன்னு ஆரம்பிச்சவரு முடிக்கல. சட்டையால முகத்தை மூடிக்கிட்டாரு.

பாவ்லு மேல ஏறி வந்து பயந்து பயந்து சொன்னாரு. மூணு மாசம் முன்னால பக்கத்துக் குழியைத் திறந்தப்போ வந்த கம்பி அது. எலும்பு பொடிஞ்சு கம்பி தனியா வந்துருச்சு. சிலுவையில மரியபுஷ்பம்னு பேரு. ட்ரெயின்ல விழாதவங்க இந்த ஊர்ல யாரு இருக்கா, பொம்பளைக்கும் கம்பி இருக்கும்னு நினைச்சுக்கிட்டாரு. கிணத்துக்குள்ள இரும்பு போடக் கூடாது. நல்ல கம்பி, துருவும் பிடிக்காது. எறிய மனசு வராம வச்சுக்கிட்டாரு.

"எலும்பு?"

பாவ்லு மூலையில இருந்த இரும்பு மூடியைக் காட்டினாரு.

"சிலுவை எப்படி மாறும்? யாரு மாத்தினா?"ன்னு நான் மறுபடியும் கத்த ஆரம்பிச்சேன். வாயில இருந்து அந்த வார்த்தை வெளிய வரும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

நான்தான்.

நவம்பர் ரெண்டாந்தேதி கல்லறைத் திருநாள். அதுக்கு முந்தின நாள் எல்லாரும் போய்ப் புல்லு செதுக்கி, சிலுவைக்குப் பெயின்ட் அடிச்சு, மாலை போடுவோம். அப்பா இறந்த வருஷமே அதுக்காக நான் புனேயில இருந்து வந்தேன். அந்த வரிசையில இரும்புச் சிலுவை ரெண்டே ரெண்டு. அப்பாவோடது ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு. அது துருப்பிடிச்சுக் கிடந்துச்சு, யாரும் வரல. பாவம்னு அதையும் சேர்த்துப் பிடுங்கிக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். ரெண்டுக்கும் வெள்ளை அடிச்சு, கருப்புல பேரும் நம்பரும் புதுசா எழுதி, சுவத்துல சாய்ச்சுக் காயவச்சேன். திரும்பிக் கொண்டுவரும்போது மெழுகுவத்திக் கூட்டம் வழியை அடைச்சிருச்சு. சுத்திக்கிட்டு அந்தப் பக்கமா வந்தேன். அப்பா இடது பக்கம்னு மட்டும் ஞாபகம். எங்க வேலையில வானத்துப் படத்துக்குக் கிழக்கு இடது பக்கம் இருக்கும்; திசையைத் திருப்பிப் போடுறது எனக்குக் கைவந்த கலை. அன்னைக்கு நான் வந்த திசையைத் திருப்பிப் போடணும்னு தோணவே இல்ல. இடது பக்கமே நட்டேன். மழையில ரெண்டு மேடும் கரைஞ்சு ஒண்ணு போலவே கிடந்துச்சு. அம்மாவுக்கு அப்போ கண்ணுல புரை. நட்டு முடிச்சு, கொஞ்ச தூரம் தள்ளி நின்னு அழகு வேற பாத்தேன்.

இதை அப்படியே அம்மாகிட்ட சொன்னேன். அடிப்பான்னு நினைச்சேன். அடிச்சிருக்கலாம்.

அம்மா அந்தக் குழிமேட்டுலயே உக்காந்துட்டா. "அப்போ ரெண்டு கல்லறைத் திருநாளு நான் யாரு தலைமாட்டுல உக்காந்துட்டி அழுதேன்?"ன்னா. "உங்க அப்பா பக்கத்துல கிடந்து கேட்டுக்கிட்டுல்லா இருந்திருப்பாவ. ஒரு கை தூரத்துல. எனக்குத் தெரியாமப் போச்சே."

என்னால தாங்க முடியல. "மூடியைத் திற பாவ்லு, நான் இறங்கி எடுத்துட்டு வாரேன்"னு மூலைக்கு ஓடினேன். பாவ்லு கடப்பாரையால மூடியைத் தூக்கினாரு. மொபைல் டார்ச்சை உள்ள அடிச்சேன். அம்மாடி! எத்தனை வருஷத்து ஜனம். மேல கிடக்கிறது யாரு, அடியில கிடக்கிறது யாரு, ஒண்ணும் தெரியல. அப்பாவுக்கு அப்புறமும் எத்தனையோ பேரு போயிருக்காங்க. நான் செருப்பைக் கழட்டிட்டு ஒரு காலை உள்ள விட்டேன்.

"ஏட்டி!" அம்மா சத்தம். "அதுல இருக்கிற ஒவ்வொருத்தரும் யாருக்காவது அப்பாவோ அம்மையோதான். மிதிச்சுக்கிட்டா இறங்குவ? உங்க அப்பா மேலயே காலை வச்சாலும் உனக்குத் தெரியுமா?"

காலை எடுத்துட்டேன். தலைநிமிர்ந்தா சுடலைக்கண்ணன் மாமா எதிர்ல நிக்காரு.

"மாமா, ஞாயித்துக்கிழமை நான் மைக்குல சொன்னதை இப்போ சொல்லிராதீங்க"ன்னேன்.

"நான் ஒண்ணும் சொல்லலியேம்மா"ன்னாரு. கைதட்டினவங்க இருநூறு பேரும் அந்த மூடியைச் சுத்தி நிக்கிற மாதிரி எனக்கு மானம் போச்சு. கலந்துபோச்சு, கேக்குறதுல அர்த்தமே இல்லன்னு சொன்னது இந்த வாய்தானே.

சாமியார் வந்தாரு, விஷயம் கேட்டுத் தலையில கைவச்சாரு. அம்மாதான் முதல்ல தெளிஞ்சா. "இந்த அம்மைக்கு யாரு இருக்கா?"ன்னு கேட்டா. ரெஜிஸ்டரைப் பாத்தாங்க. ஒரே மகன், ஜெப்ரின்னு பேரு. அம்பர்நாத்துல ஒரு பேக்டரியில வேலை. மூணு மாசம் முன்னால போன் பண்ணினப்போ, கிணத்துலயே போட்டிருங்கன்னு சொல்லிட்டானாம். எடுக்கிற அன்னைக்கும் வரல. இப்போ நான் போன் பண்ணினேன். "கல்லறையில இருந்து பேசுறேன்"னு சொன்னதும் கட் பண்ணிட்டான்.

"இவன்லாம் ஒரு பிள்ளை! பெத்த தாயைக் கிணத்துல போடச் சொல்லிட்டு..."ன்னு எனக்கு மறுபடியும் ஏறிச்சு. கோவப்பட ஒரு ஆள் கிடைச்சதுல எனக்கு நிம்மதி, அதுதான் உண்மை.

"நீ போயி அவனைக் கூட்டிட்டு வா"ன்னா அம்மா. "நான் இந்த அம்மைகிட்ட இருக்கேன். தனியா விடக் கூடாது."

சயான்ல ஸ்லோ ட்ரெயின் ஏறினேன். மத்தியான நேரம், ஜன்னல் சீட்டு கிடைச்சுச்சு. மடியில கைப்பை, பைக்குள்ள அப்பாவோட கம்பி. கல்யாண் தாண்டுற வரைக்கும் அதைத் தடவிக்கிட்டே இருந்தேன். நான் பாக்குற நட்சத்திரம் ஒண்ணு இருக்கு, ரொம்ப வயசானது. எட்டு வருஷமா அது உதிர்க்கிற தூசியை அளந்து கட்டுரை எழுதுறேன். அளக்கும்போது ஒரு நாள்கூட எனக்குத் துக்கமா இருந்ததில்ல. எந்த நட்சத்திரமும் தன் தூசியைத் திருப்பிக் கேட்டதில்லைன்னு பிள்ளைங்ககிட்ட ஜோக்கு அடிப்பேன். இப்போ எனக்கு அந்தக் கிணத்துல இருந்து ஒரு விரல் எலும்பு போதும். ஒரு பல்லு போதும். சத்தியமா அவ்வளவுதான் கேட்டேன். கரி எல்லாம் போயி இந்த இரும்பு மட்டும் மிஞ்சியிருக்கு. சூரியன் மாதிரி நட்சத்திரத்துக்குள்ள இரும்பு உண்டாகவும் உண்டாகாது, அது வேற இடத்துச் சரக்கு. எங்கப்பாவும் அதை இரவல்தான் வாங்கியிருந்தாரு. பக்கத்து சீட்டுல இருந்த யாரோ ஒரு அம்மா, "க்யா ஹுவா பேட்டி?"ன்னு, என்னாச்சு மகளேன்னு கேட்டு எனக்குத் தண்ணி பாட்டிலை நீட்டுச்சு. அப்பத்தான் நான் அழுதுக்கிட்டிருக்கிறதே எனக்குத் தெரிஞ்சுச்சு.

பேக்டரி வாசல்ல ஜெப்ரியைக் கூப்பிட்டு விட்டாங்க. இருபத்தாறு வயசு இருக்கும். ஒல்லியா, கண்ணுக்கு மேல பாதுகாப்புக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு வந்தான். திட்டணும்னு வழியெல்லாம் தயார் பண்ணிக்கிட்டு வந்ததெல்லாம் எங்கேயோ போச்சு. திட்டு வாங்க வேண்டியவளே நான்தானே. சிலுவை, பெயின்ட், இடது வலது எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னேன். கம்பியைக் காட்டினேன். உங்கம்மா கையில நீல செபமாலையான்னு கேட்டேன்.

அவன் கண்ணாடியைக் கழட்டிக் கையில எடுத்தான். "நீலந்தான். நான்தான் மாஹிம்ல வாங்கிக் குடுத்தேன்."

"அவங்க மேலதான் இருக்காங்க. காலையிலதான் எடுத்தோம். எங்கம்மா பக்கத்துல இருக்கா."

"அப்போ... எங்கம்மா கிணத்துல இல்லியா?"

"இல்ல."

அவன் அப்படியே வாசல்படியில உக்காந்து, ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான் பாருங்க, செக்யூரிட்டி ரெண்டு பேரு ஓடி வந்துட்டாங்க. அவங்க குடுத்த தண்ணியைக் குடிச்சுட்டு சொன்னான். "அன்னைக்கு லீவு கேட்டிருந்தா குடுத்திருப்பாங்கக்கா. நான்தான் கேக்கல. அம்மாவை அப்படிப் பாக்க பயமா இருந்துச்சு. மாடமும் இல்ல. கிணத்துல போட்டிருங்கன்னு சொல்லிட்டு போனை வச்சுட்டேன். அன்னையில இருந்து எனக்குத் தூக்கமே கிடையாது. ஒவ்வொரு ஞாயிறும் வந்து அந்த மூடிகிட்ட நின்னு மன்னிச்சிரும்மான்னு சொல்லிட்டுப் போவேன். ஒரு மெழுகுவத்தி கொளுத்தி வச்சுட்டு ஒரு மணி நேரம் பேசிக்கிட்டு இருப்பேன். பன்னிரண்டு ஞாயிறு ஆச்சு."

சொல்லிட்டு என்னை நிமிர்ந்து பாத்தான். அவனுக்கும் அப்பத்தான் உறைச்சுச்சு.

"அக்கா, அப்போ நான் இத்தனை நாள் உங்க அப்பாகிட்டயா பேசிக்கிட்டு இருந்தேன்?"

பன்னிரண்டு ஞாயிறு. புனேக்கும் பம்பாய்க்கும் மூணரை மணி நேரம். நான் அந்த மூணு மாசத்துல ஒரே ஒரு தடவைதான் வந்தேன், அதுவும் மைக்கைப் பிடிச்சுப் பேசுறதுக்கு. கல்லறைப் பக்கமே எட்டிப் பாக்கல. கம்பியைப் பைக்குள்ள வச்சுட்டு, அவன் கையைப் பிடிச்சுத் தூக்கி விட்டேன்.

திரும்பி வந்தப்போ மணி நாலரை. அம்மா குழாயடியில அந்த எலும்பையெல்லாம் கழுவி, வெயில்ல உலர்த்தி, அப்பாவோட கல்யாண வேட்டியில சுத்தி மடியில வச்சிருந்தா. ஜெப்ரியைப் பாத்ததும் கைக்குழந்தையைக் குடுக்கிற மாதிரி ரெண்டு கையாலயும் நீட்டினா. அவன் வாங்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டான்.

"மாடத்துல வை. கொத்தனார் காத்துக்கிட்டு இருக்காவ"ன்னா அம்மா.

"அது உங்க வீட்டுக்காரரோடது. பேரு வெட்டியிருக்கு."

"பேரு இருக்கட்டும். அதுக்குக் கீழ உங்க அம்மை பேரையும் வெட்டச் சொல்லிட்டேன். உங்க அம்மை போகவேண்டிய எடத்துக்கு அவிய போயிட்டாவ. அவிய எடத்துல உங்க அம்மை இருக்கட்டும். நான் என்னத்தச் சொல்ல?"ன்னு சொல்லும்போதே அம்மாவுக்குக் குரல் உடைஞ்சுச்சு. அன்னைக்குப் பூரா அவ அழுதது அப்போ மட்டுந்தான். மறுநாள் சாம்பல் புதன்ல சாமியார் நெத்தியில பூசினப்போ நானும் அம்மாவும் குனிஞ்ச தலை நிமிரல.

புனே போயி வேலையில உக்காந்தேன், ஒண்ணும் ஓடல. என் நட்சத்திரத்தோட படத்தைத் திறந்தேன். சுத்தி அந்தத் தூசி வளையம், எட்டு வருஷமாப் பாக்குறது. யாருக்குப் போய்ச் சேருமோன்னு முதல் தடவையா நினைச்சேன், உடனே மூடிட்டேன். சுடலைக்கண்ணன் மாமாவுக்குப் போன் பண்ணி, "அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் சொன்ன பதில் தப்பு மாமா. பேரு இருந்திருக்கும். நமக்குத் தெரியலேங்கிறது வேற விஷயம்"னு சொன்னேன். "சரிம்மா, சாப்பிட்டியா?"ன்னாரு.

அடுத்த ஞாயிறு முதல் ட்ரெயினைப் பிடிச்சு வந்து, நேரா கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அப்பாகிட்ட தனியா மன்னிப்புக் கேக்கணும், அம்மா வர்றதுக்கு முன்னால. கிணத்து மூடிகிட்ட ஏற்கெனவே ஒரு மெழுகுவத்தி எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல ஜெப்ரி குத்தவச்சு உக்காந்து மூடியைப் பாத்து ஏதோ சொல்லிக்கிட்டு இருந்தான்.

"ஏலே, உங்கம்மா அங்க மாடத்துல இருக்காங்க"ன்னேன்.

"அங்க போயிட்டுத்தாங்க்கா வாரேன்"னு எழுந்து, கூச்சத்தோட பேன்ட்டுல கையைத் துடைச்சுக்கிட்டான். "பன்னிரண்டு வாரம் பேசியாச்சு. திடீர்னு நிறுத்திட்டா உங்க அப்பா என்ன நினைப்பாரு?"